வெளிச்சம் போன 32 இஞ்ச் டீவியும் காத்தான்குடிக் கடையும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை வாசிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போகலாம். பாவித்த 32 இஞ்ச் எல்.ஈ.டி. டீவி, சத்தம் வரும், படம் தெரியாது, அந்த நிலையில் 11,000 ரூபாய். திருத்துகூலியும் சாமானும் சேர்த்து 7,000. ரிமோட் 900. மொத்தம் 18,900. இதே அளவில் புதுசு, பெயரே கேள்விப்படாத கம்பனி டீவிகூட, மட்டக்களப்பு டவுனில் நான் விசாரித்த கடைகளில் 45,000க்குக் கீழே இல்லை. வாங்கிய டீவி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடை நல்ல கடை, ஆனால் ஒன்றிரண்டு விசயத்தில் எனக்கு எரிச்சலும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

ஏன் பழசு என்று கேட்பீர்கள். வீட்டில் இருந்த பெட்டி டீவி சித்திரை இடியில் போய்விட்டது. பெத்தாவுக்கு (பாட்டிக்கு) வசந்தம் டீவி செய்தியும் பின்னேர நாடகமும் இல்லாவிட்டால் பொழுது போகாது, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குக் கொழும்பில் இருந்து ஆட்கள் வேறு வருவார்கள். புதுசு எடுக்கலாம்தான். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபோது எகிறிய விலை, பிறகு டொலர் 300 பக்கம் இறங்கியும் அந்த அளவுக்கு இறங்கவில்லை, 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானதும் அதோடு சேர்ந்துகொண்டது. மாதத் தவணைக்கு எடுத்தால் கடைசியில் கட்டி முடிக்கிற தொகையைக் கூட்டிப் பாருங்கள், எனக்குத் தலை சுற்றியது. பெத்தா பார்க்கப்போவது நாலைந்து சேனல். அதற்கு 32 இஞ்சும் ஓடுகிற ஒரு பெனலும் (படம் வருகிற திரைக் கண்ணாடி) போதும்.

கடை மட்டக்களப்புக்குப் பக்கத்தில், காத்தான்குடியில். பிரதான வீதியில் நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கிற பகுதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற உள் வீதி ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் ஒரு மேசை, மேசையில் சோல்டரிங் அயனும் மல்டிமீட்டரும், சுவரெல்லாம் கழற்றிய சர்க்கிட் போட்கள். காக்கா ஒருவரும் (முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற முறையில் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய மகனும் நடத்துகிறார்கள். முதல்தரம் போகிறவருக்கு இது கடையா குப்பைக்கிடங்கா என்று சந்தேகம் வரும். எனக்கும் வந்தது.

ஆனால் ஒரு விசயம் அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. அடுக்கி வைத்திருக்கிற ஒவ்வொரு டீவியின் மூலையிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் என்ன பழுது என்று எழுதியிருக்கிறார். 'லைட் இல்ல', 'பவர் போட்', 'கோடு', 'கண்ணாடி வெடிப்பு, பாட்ஸ்க்கு மட்டும்'. நான் இதற்கு முன்னம் பார்த்த இடங்களில் எல்லா டீவியும் 'சின்ன வேலை ஒண்டு இருக்கு அண்ண, ஐந்நூறு ரூபா வேலை' என்றுதான் இருந்தது, அந்த ஐந்நூறு ரூபா வேலையை ஏன் விற்கிறவரே செய்து இரட்டிப்பு விலைக்கு விற்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. இங்கே பழுதைப் பொறுத்து விலை, விலையும் அந்த டேப்பிலேயே இருக்கிறது. பேரம் பேசலாம், ஆனால் கனக்கக் குறையாது.

நான் கேட்டது இவ்வளவுதான்: "காக்கா, வீட்டுக்கு ஒரு 32 வேணும், திருத்தினாலும் பரவாயில்ல, திரும்பத் திரும்பத் திருத்த ஏலாது." அவர் 'லைட் இல்ல' என்று எழுதியிருந்த ஒன்றை இழுத்தெடுத்தார். கொரியக் கம்பனி ஒன்றின் டீவி, பின்னுக்கு ஒட்டியிருந்த லேபலில் 2017 என்று இருந்தது. போட்டார். சிவப்பு லைட் போய், திரை ஒரு செக்கன் வெளித்து, மறுபடி இருண்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கடை லைட்டை அணைத்துவிட்டு, கைபேசி டோர்ச்சைத் திரைக்கு மிகக் கிட்டச் சரித்துப் பிடித்தார். பார்த்தால் உள்ளே படம் ஓடுகிறது, மங்கலாக, செய்தி வாசிக்கிற பெண்ணின் உருவம், கீழே ஓடுகிற எழுத்து, எல்லாம் இருக்கிறது.

"படம் இரிக்கி தம்பி, வெளிச்சம்தான் இல்ல. பெனல் நல்லம். இத எடுங்க" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் பழுதான டீவி வாங்குவதில் முக்கால்வாசி விசயம் இதற்குள்தான் இருக்கிறது. எல்.ஈ.டி. டீவி என்று நாம் சொல்வதில் படத்தை உண்டாக்குவது முன்னுக்கு இருக்கிற எல்.சி.டி. கண்ணாடி. அது தானாக ஒளிராது. அதற்குப் பின்னால் நீளமான பட்டிகளில் சின்னச் சின்ன எல்.ஈ.டி. லைட்டுகள் வரிசையாக இருக்கும், அந்த வெளிச்சம் கண்ணாடியூடாக வரும்போதுதான் நமக்குப் படம். பெரும்பாலும் இந்த லைட்டுகளை ஒன்றின் பின் ஒன்றாகத் தொடராகத்தான் இணைத்திருப்பார்கள், ஆகவே ஒன்று அறுந்தாலே அந்தத் தொடர் முழுக்கப் போய்விடும், உடனே பாதுகாப்புக்காக டீவி பின்வெளிச்சத்தையே நிறுத்திவிடும். ஒரு செக்கன் வெளித்துவிட்டு இருள்வது அதனால்தான். டோர்ச் அடித்தால் படம் தெரிகிறது என்றால் கண்ணாடியும் மதர்போட்டும் வேலை செய்கின்றன என்று அர்த்தம், லைட் பட்டியையோ அதை ஓட்டுகிற சர்க்கிட்டையோ பார்த்தால் போதும். டோர்ச் அடித்தும் ஒன்றும் தெரியாவிட்டால் அது வேறு கதை, அதை அந்த விலைக்கு எடுக்காதீர்கள்.

கொடுக்கல் வாங்கலும் எனக்குத் திருப்தி. டீவி விலை வேறு, திருத்துகூலி வேறு என்று முதலிலேயே பிரித்துச் சொன்னார். பாதிக் காசு முன்பணம். திருத்தி, என் கண்முன்னே ஓடவிட்டுக் காட்டிய பிறகு மிச்சம். "ஓடாட்டி டீவியும் வேணாம், உங்கட சல்லியும் கையில" என்றார். இப்படிப் பேசுகிற ஆளிடம் நம்பி வாங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பேசியதை அவராக எழுதித் தரவில்லை, அது பற்றிக் கீழே.

திருத்தும்போது பக்கத்தில் நிற்க விட்டார், இதை எல்லாக் கடையிலும் விடமாட்டார்கள். பின்மூடியைக் கழற்றினால் இரண்டு போட், பவர் போட்டும் மெயின் போட்டும், வேறொன்றும் இல்லை, இந்தப் பெரிய சாமானுக்குள் இவ்வளவுதானா என்று இருந்தது. லைட் பட்டிகள் அந்தப் பக்கம் இல்லை, முன்கண்ணாடிக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. அதனால் பெனல் கண்ணாடியைத் தூக்கித்தான் ஆகவேண்டும், வேலையில் ஆபத்தான கட்டமும் இதுதான். கண்ணாடி அப்பளம் மாதிரி மெல்லிசு, விளிம்பில் மெல்லிய நாடாக்கள் ஒட்டியிருக்கும், அதில் ஒன்று இழுபட்டுக் கிழிந்தால் டீவி முடிந்தது. அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாய் பேசாமல், தூக்கி மேசையில் விரித்திருந்த துணியில் வைத்தார்கள். காற்றாடியைக்கூட நிறுத்திவிட்டார்கள். வியர்வை துளி விழக்கூடாது என்று மகன் முதலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

உள்ளே மூன்று பட்டி. ஒரு சின்னப் பெட்டியில் இருந்து இரண்டு வயரை ஒவ்வொரு லைட்டிலும் தொட்டுப் பார்த்தார், மற்றதெல்லாம் எரிய, நடுப்பட்டியில் ஒன்று செத்திருந்தது, கிட்டப் பார்த்தால் கறுப்புப் புள்ளி. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் ஆயிரம் ரூபாயோடு முடிக்கலாமே என்று கேட்டேன். முடிக்கலாம், ஆனால் மற்றதும் அதே வயசு, அதே சூட்டில் கிடந்தது, கொஞ்ச நாளில் அடுத்தது போகும், அதற்கும் இந்தக் கண்ணாடியை மறுபடி தூக்கவேண்டும் என்றார். நியாயமான பேச்சு. மூன்று பட்டியும் புதுசாகப் போட்டார். லைட்டுகள் 3 வோல்ட் என்றும் 6 வோல்ட் என்றும் இரண்டு வகை இருக்கிறதாம், மாற்றிப் போட்டால் ஒன்றில் எரியாது, அல்லது எரிந்து போய்விடும், அதனால் பழையதை அளந்து பார்த்துத்தான் புதியதை எடுத்தார்.

பிறகு பவர் போட்டில் வெளிச்சத்துக்குப் போகிற கரண்டைக் கொஞ்சம் குறைத்தார். கம்பனிகள் கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்று கூட்டி ஓடவிடுகின்றன, அந்தச் சூட்டில்தான் லைட் சீக்கிரம் சாகிறது என்பது அவருடைய விளக்கம். நீங்களும் வீட்டு டீவியில் மெனுவுக்குள் போய் பேக்லைட் அளவை 100இல் இருந்து 60, 70க்கு இறக்கி விடுங்கள், இரவில் கண்ணுக்கும் சுகம். போட்டில் இரண்டு கப்பாசிட்டர்களின் தலை கொஞ்சம் வீங்கியிருந்தது, தட்டையாக இருக்கவேண்டிய இடம் மேலே எழும்பியிருந்தால் அது போகப்போகிறது என்று அர்த்தமாம். அதையும் மாற்றினார், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

எல்லாம் பூட்டியபின் ஓடவிட்டார். உடனே கொண்டுபோக விடவில்லை, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடட்டும் என்றார், சூடாகும்போதுதான் சில பழுது வெளியே வரும். அந்த நேரத்தில் நான் கொண்டுபோன பென் டிரைவைச் செருகினேன். வெறும் சிவப்பு, வெறும் பச்சை, வெறும் நீலம், வெறும் வெள்ளை, இப்படி நாலு படம் அதில் போட்டு வைத்திருந்தேன். ஒரே நிறமாகத் திரை முழுக்க வரும்போது புள்ளி, கோடு, நிழல் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும், நாடகம் ஓடும்போது தெரியாது. எச்.டி.எம்.ஐ. துளை இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தேன். அன்ரனாத் துளையையும் பார்த்தேன், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி எரிச்சல்கள்.

வெள்ளைப் படம் போட்டபோது இடதுபக்கக் கீழ்மூலையில் ஒரு சின்னத் தூசி நிழல். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற தாள்களுக்கிடையில் ஏதோ சிக்கிவிட்டது. சாதாரணமாகப் பார்க்கும்போது தெரியாது, ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது பச்சைத் திடலில் எனக்குத் தெரிகிறது, தெரிந்த பிறகு அதையே கண் தேடுகிறது. திரும்பத் திறக்கட்டுமா என்று அவர் கேட்டார், இன்னொரு தரம் கண்ணாடியைத் தூக்குவதை நினைத்து நான்தான் வேண்டாம் என்றேன். புதிய பட்டிகளின் வெள்ளையும் கொஞ்சம் நீலச் சாயல், கலர் செட்டிங்கில் 'வோர்ம்' போட்டதும் சரியானது.

பில் கிடையாது. கேட்டபோது ஒரு துண்டில் திகதியும் தொகையும் 'லைட் 3 மாசம்' என்றும் எழுதித் தருவதற்கே இரண்டு தரம் கேட்கவேண்டியிருந்தது. காக்கா நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் வாங்குகிறவர் கையில் ஒரு துண்டு இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. சொன்ன நாளில் தரவும் இல்லை. பட்டி கொழும்பில் இருந்து வரவேண்டும் என்று இழுத்தார், அது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சடங்கு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னம் கிடைத்தது, அவ்வளவுதான். கால் இரண்டுக்கும் ஆணி கிடையாது, வேறு ஏதோ ஆணி போட்டு முடுக்கித் தந்தார், நான் அதை நம்பாமல் சுவர் பிராக்கட்டில் மாட்டிவிட்டேன். ரிமோட் அந்த டீவியோடு வந்தது இல்லை, பொது ரிமோட், 900 ரூபாய், அதில் பாதிப் பட்டனுக்கு வேலை இல்லை.

அதே அடுக்கில் இருந்த மற்ற டீவிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 'கோடு' என்று எழுதியிருந்த 43 இஞ்ச் ஒன்று 15,000க்கு இருந்தது, மனம் அதில்தான் போனது. நீட்டுக்கு ஒரு மெல்லிய கோடு, மற்றப்படி அருமையான படம். ஆசைப்படாதீங்க என்று காக்காவே சொன்னார். அந்தக் கோடு கண்ணாடி விளிம்பு நாடாவில் இருந்து வருவது, அதை ஒட்டுவதற்கு மெசின் வேண்டும், கொழும்புக்கு அனுப்பவேண்டும், அனுப்பினாலும் உத்தரவாதம் இல்லை, பெனல் மாற்றுவதென்றால் புது டீவி விலை கிட்ட வந்துவிடும். சிலர் நாடா செருகுகிற இடத்தில் ஒன்றிரண்டு கம்பியை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, படம் நல்லா வருகிறது பார் என்று விற்பார்கள், கொஞ்ச நாளில் பழையபடி வந்துவிடும் என்று அவரே காட்டிக்கொடுத்தார். வெளியே பழைய டீவி எடுக்கிறவர்கள் முடிந்தால் பின்மூடியைத் திறந்து பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் போய்விடுங்கள்.

ஜப்பான் டீவி என்று சிலது வருகிறது, பார்க்க நல்ல வடிவு, விலையும் மலிவு. பின்னுக்கு இருக்கிற லேபலைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. லேபலில் 100-240 என்று இருந்தால் சரி, வெறும் 100 என்று இருந்தால் இறக்குகிற டிரான்ஸ்போமர் இல்லாமல் போட்டவுடனே பவர் போட் கருகும். ஓடினாலும் அதன் டியூனர் நம்முடைய அனலொக் அன்ரனாச் சேனல்களைப் பிடிக்காது, டயலொக் அல்லது பியோ போன்ற கட்டண டீவிப் பெட்டியை எச்.டி.எம்.ஐ.யில் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். பெத்தா வீட்டில் அன்ரனாவும் இருக்கிறது, டயலொக்கும் இருக்கிறது, ரீலோட் முடிகிற நாளில் அன்ரனாதான் கை கொடுக்கும், ஆகவே எனக்கு அது சரிவராது.

'ஸ்மார்ட்' என்று சொல்லி 5,000 கூடக் கேட்டால் முதலில் யூடியூப் திறக்கிறதா என்று கைபேசி ஹொட்ஸ்பொட் கொடுத்துப் பாருங்கள். 2012இலும் அதற்கு முன்னும் வந்த பல டீவிகளில் யூடியூப் 2015இலேயே நின்றுவிட்டது, கூகுள் பழைய இணைப்பு முறையை மூடியதால் அது இனி வராது, எந்தத் திருத்துநராலும் கொண்டுவர ஏலாது. நான் எடுத்தது ஸ்மார்ட் இல்லாத சாதாரண டீவி. பிள்ளைகள் யூடியூப் கேட்டால் பிறகு ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம், இப்போதைக்கு கேட்காமல் இருந்தால் நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு செய்த வேலைகளில் ஒன்று எர்த் உள்ள பிளக்குக்கு மாற்றியது, இன்னொன்று இடி முழங்கினால் கரண்ட் வயரை மட்டும் இல்லாமல் அன்ரனா வயரையும் கழற்றிவிடவேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தது. பழைய பெட்டி டீவி போனது அன்ரனா வயர் வழியாக என்றுதான் நினைக்கிறேன், கரண்ட் பிளக்கைக் கழற்றித்தான் இருந்தோம். எங்கள் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, உப்புக்காற்றில் போட்டெல்லாம் பச்சை பிடித்துவிடும், அதனால் ஜன்னலுக்கு நேரே மாட்டவில்லை. துணி போட்டு மூடி வைக்கிற பழக்கம் இருந்தால் டீவி ஓடும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள், மேலே காற்றுப் போகிற துளைகள் அடைபட்டால் சூடு உள்ளேயே நிற்கும். பெத்தா பின்னல் துணி ஒன்று போட்டு வைத்திருக்கிறா, அதைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டியிருக்கும், பின்னேரம் போங்கள். பென் டிரைவும் டோர்ச்சும் எடுத்துப் போங்கள். பட்டி கையிருப்பில் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னம் கேளுங்கள், இல்லை என்றால் சொல்கிற நாளோடு ஒரு கிழமையைக் கூட்டிக்கொள்ளுங்கள். துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள், தராமல் விடமாட்டார், கேட்டால்தான் தருவார். 43 இஞ்ச் கோடு டீவி நான் கடைசியாகப் போனபோதும் அங்கேதான் இருந்தது, விலை 13,000க்கு இறங்கியிருக்கிறது.